கண்காட்சிக்கு ஒரு படம்: யாரிடம் கருத்துக் கேட்பது, எப்படி ஃபிரேம் போடுவது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் விற்கும் ஓர் அம்மாவைப் படம் எடுத்திருக்கிறார். புதுச்சேரியில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் கண்காட்சி ஒன்றில் அதை 12க்கு 18 அங்குலத்தில் வைக்க ஆசை. வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டால் பாதிப் பேர் 'சூப்பர்' என்கிறார்கள். மீதிப் பேரில் ஒருவர் 'கொஞ்சம் வெட்டு' என்கிறார், ஒருவர் 'கறுப்பு வெள்ளை ஆக்கு' என்கிறார், இன்னொருவர் 'தங்க ஃபிரேம் போட்டால் எடுப்பாக இருக்கும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, இல்லை வேறு யாரிடமாவது கேட்க வேண்டுமா?

தம்பி, படத்தை நிதானமாகப் பார்த்தேன். நீலத் தார்ப்பாயில் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருக்கும் அந்த அம்மாவின் கை, கடைசி மீனைக் கூறின் மேல் வைக்கிற நேரத்தில் அகப்பட்டிருக்கிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் காலை வெயில். இது சுவரில் தொங்க வேண்டிய படம்தான், சந்தேகமே இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்குக் கிடைத்த நாலு கருத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அப்படியே கேட்கவும் வேண்டாம். படம் பார்க்கிறவர்களுக்கு எந்த இடத்தில் உறுத்துகிறது என்பது சரியாகவே தெரியும். அதை எப்படிச் சரி செய்வது என்பதுதான் பெரும்பாலும் தெரியாது. ஆகவே அவர்கள் சொல்லும் மருந்தை விட்டுவிட்டு, எந்த இடத்தைத் தொட்டுச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். 'வெட்டு' என்றவருக்கு உறுத்தியது இடது ஓரத்தில் முழங்கையும் லுங்கியும் மட்டும் தெரிகிற அந்த அரை ஆள். 'கறுப்பு வெள்ளை' என்றவருக்கு உறுத்தியது முகத்தைவிடப் பளிச்சென்று இருக்கும் தார்ப்பாயின் நீலமும், கீழ் மூலையில் கிடக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியும். 'தங்க ஃபிரேம்' என்றவருக்கு? மேலே மூன்றில் ஒரு பங்கு வெளுத்த வானம். அங்கே படம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, அதைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்று அவர் மனசுக்குப் பட்டிருக்கிறது. மூன்று பேரும் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் பார்த்தது போனில். போன் திரை பின்னாலிருந்து ஒளி விடுகிற பொருள். அதில் எந்தப் படமும் பளபளப்பாகத்தான் தெரியும். அதே கோப்பைக் காகிதத்தில் போட்டால் நிழல் பகுதிகள் இருண்டு போகும், அந்த அம்மாவின் புடவை மடிப்பெல்லாம் ஒரே கறுப்பாகிவிடலாம். போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் பார்க்கப் போவது காகிதத்தை. அதனால் கருத்துக் கேட்பதும் காகிதத்தைக் காட்டித்தான் இருக்க வேண்டும். முதலில் 8க்கு 12 அளவில் பளபளப்பில்லாத சாதாரண மேட் காகிதத்தில் ஒன்று போடுங்கள். லேபுக்குக் கோப்பைப் பென் டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். 'கலர் கரெக்‌ஷன் வேண்டாம், கோப்பில் இருப்பது போலவே' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்துக்குச் செய்கிற மாதிரி முகத்தை வெளுத்துக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு.

இனி, கேட்கும் விதம். நம் பக்கத்தில் ஒருவர் ஆசையாக நீட்டும் பொருளைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர்களே அதிகம். 'நல்லா இருக்கா?' என்று படத்தை நீட்டுவது, கல்யாண வீட்டுப் பந்தியில் நின்றுகொண்டு சாப்பாடு எப்படி என்று கேட்பது போலத்தான். பதில் கேட்கும் முன்பே முடிவாகிவிட்டது. குறையோ நிறையோ சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத கேள்வியாகக் கேளுங்கள். முதலில் எது கண்ணில் பட்டது? அப்புறம் கண் எங்கே போனது? இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? இந்த மூன்று போதும். அந்த அம்மா யார், எத்தனை மணிக்கு எழுந்து போனீர்கள் என்ற கதையை முன்கூட்டியே சொல்லாதீர்கள். கதை கேட்டவர் கதையைத்தான் பார்ப்பார். பிரிண்டை மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர் கண்ணையும் விரலையும் கவனியுங்கள். விரல் எந்த மூலைக்குப் போகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது.

முதலில் தெர்மாகோல் பெட்டி என்று யாராவது சொன்னால் வருத்தப்பட வேண்டாம். அதுதான் நீங்கள் தேடி வந்த பதில்.

இரண்டு விதமாக யோசித்துக் குழம்பினால் இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். ஒன்று வெட்டியது, ஒன்று வெட்டாதது. ஒன்றைக் கறுப்பு வெள்ளையாகவும் ஆக்கி வெட்டவும் செய்தால், எது பிடித்ததால் அதைச் சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது.

யாரிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கிறவர்கள் வெளிச்சத்தையும் கூர்மையையும் பற்றிச் சொல்வார்கள், அதை மட்டும் அவர்களிடம் கேளுங்கள். படமே எடுக்காத ஒருவர், வீட்டில் அத்தையோ சித்தப்பாவோ, என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு மிக நேர்மையான பதில் சொல்வார். ஓவியம் படித்தவர்களின் கண் வேறு மாதிரி. கடலூர் சாலையில் புதுச்சேரிக்குள் வரும் வழியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளை யாராவது தெரிந்தவராக இருந்தால் பிரிண்டோடு போய்ப் பாருங்கள். எடை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த நிறம் முந்துகிறது என்று அவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். புதுச்சேரி டூமா வீதியில், அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு நிலையத்தின் மேசோன் கொலொம்பானி கட்டடத்தில் கண்காட்சி நடக்கும்போது போய்ப் படங்களைப் பார்ப்பதோடு, அவற்றின் ஓரங்களையும் பாருங்கள். மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் அட்டை, எவ்வளவு அகலம், எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், விளக்கு எங்கிருந்து விழுகிறது என்று. அதுவும் ஒரு பாடம்தான்.

சரி, வெட்டுவதா வேண்டாமா?

எடுத்த படத்தை வெட்டவே கூடாது என்று சொல்பவர்கள் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெயரைச் சொல்வார்கள். 1950 ஏப்ரலில் புதுச்சேரி ஆசிரமத்துக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தவர் அவர். அந்த ஆண்டு டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். பிரெஸ்ஸோன் தம் படங்களை வெட்டாமல், நெகட்டிவின் விளிம்பு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும்படி பிரிண்ட் போடச் சொல்வதற்குப் பேர்போனவர். ஆனால் பாரிஸ் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் 1932ஆம் ஆண்டுப் படம், அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று, வெட்டப்பட்ட படம். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஒரு பக்கம் மறைந்து போயிருந்தது. வெட்டாமல் எடுக்கப் பழகுவது நல்ல பழக்கம், அவ்வளவுதான். அதற்காக ஒரு நல்ல படத்தைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

கறுப்பு சார்ட் அட்டையில் 'ட' வடிவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இரண்டையும் சேர்த்தால் ஒரு சன்னல் கிடைக்கும். அதை 8க்கு 12 பிரிண்டின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வெட்டிப் பார்ப்பதைவிட இதில் கண் அவசரப்படாது. நான் பார்த்தவரை உங்கள் படத்தின் இடது பக்கம் ஆறில் ஒரு பங்கு போனால் அந்த அரை ஆள் முழுசாகப் போய்விடுகிறார். படகின் முன்பக்கம் கொஞ்சம் போகும். போகட்டும், பின்னால் நிற்கும் மற்ற படகுகள் துறைமுகம் என்று சொல்லிவிடுகின்றன. அந்த அம்மா நடுவுக்கு வந்துவிடுவாரோ என்று பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாகவே இருப்பார், கைக்கு எதிரில் இடம் இருக்கும்.

கணக்கும் சரியாக வருகிறது. 12க்கு 18 படத்தில் இடப்பக்கம் மூன்று அங்குலம் போனால் 12க்கு 15. நம் ஸ்டுடியோக்களுக்குப் பழகிய அளவு. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000க்கு 4000 புள்ளிகள் 5000க்கு 4000 ஆகும். அங்குலத்துக்கு 333 புள்ளி, தாராளம்.

இந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால் கடையில் எடுத்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ரெடிமேட் ஃபிரேம் 12க்கு 15 இருக்கும், நீங்கள் 12க்கு 18 கொண்டுபோவீர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே கத்தி இறங்கிவிடும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக. உங்கள் படத்தில் அப்படி வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் போனால் அந்த அம்மாவின் முழங்கால் போய்விடும், இடப்பக்கத்து ஆள் பாதி மிச்சம் இருப்பார். அப்புறம், ஃபிரேமின் உள்விளிம்பு நாலு பக்கமும் கால் அங்குலம் வரை மறைக்கும். ஓரத்தில் முக்கியமானது எதுவும் இருந்தால் அது காணாமல் போகும். இதற்கு எளிய வழி: லேபில் சொல்லி, படத்தைச் சுற்றி அரை அங்குலம் வெள்ளை விட்டு 13க்கு 16 காகிதமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரேமோ மவுண்டோ அந்த வெள்ளையைத்தான் தின்னும், படத்தைத் தொடாது.

வெளுத்த வானத்துக்கு வருகிறேன். உங்கள் படத்தின் பெரிய சிக்கல் இதுதான், ஆனால் இதை யாரும் நேராகச் சொல்லவில்லை. வெள்ளை வானம், அதைச் சுற்றி வெள்ளைக் காகிதம், அதைச் சுற்றி வெள்ளை மவுண்ட் என்றால் மேல் விளிம்பு கரைந்து போகும். மூன்று பக்கம் சட்டமும் ஒரு பக்கம் திறப்புமாகத் தெரியும். இரண்டு வேலை செய்யுங்கள். வானத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக் காகிதத்தின் வெள்ளையைவிட ஒரு துளி சாம்பலாக்குங்கள். கொஞ்சம்தான். மழை மேகம் ஒட்ட வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அப்புறம் படத்தைச் சுற்றி முடி அளவு சாம்பல் கோடு ஒன்று, கோப்பிலேயே போட்டுவிடுங்கள். பிரெஸ்ஸோனின் கறுப்பு விளிம்பு 'முழுப் படம், வெட்டவில்லை' என்பதற்கான சான்று. ஆனால் அது வெளிறிய வானங்களைப் பிடித்து நிறுத்துகிற வேலையையும் சேர்த்துச் செய்கிறது. தங்க ஃபிரேம் கேட்டவருக்குத் தேவைப்பட்டதும் இந்தக் கோடுதான்.

கறுப்பு வெள்ளை வேண்டாம் என்பது என் எண்ணம். மீனின் வெள்ளிப் பளபளப்பும் முகத்தின் மஞ்சள் வெளிச்சமும்தான் இது காலை என்று சொல்கின்றன. நீலத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்து, தெர்மாகோல் பெட்டியின் வெளிச்சத்தை இறக்கினாலே கண் முகத்துக்குப் போய்விடும். சந்தேகமாக இருந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள். பழகிய படம் புதுசாகத் தெரியும், எந்த மூலை இழுக்கிறது என்று உடனே புரியும்.

இனி ஃபிரேம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் சாமி படங்களும் பெரியவர்கள் படங்களும்தான் வேலை. அதனால் கேட்காமலே அகலமான தங்கச் சட்டம் வரும், கண்ணாடி படத்தின் மேலேயே உட்காரும், பின்னால் ஹார்டுபோர்டு வைத்து ஆணி அடிப்பார்கள். சாமி படத்துக்கு அந்தச் சட்டம் அழகு, பூ வைக்கவும் வசதி. உங்கள் படத்துக்கு அரை அல்லது முக்கால் அங்குலத்தில் ஒல்லியான கறுப்போ தேக்கு நிறமோ போதும். மீன் செதிலின் பளபளப்போடு தங்கம் போட்டி போடும்.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் மவுண்ட் இல்லாமல் ஃபிரேம் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் இழுக்கும், உப்புக்காற்று வேறு. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிரிண்ட் அந்த ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிவிடும். ஒட்டினால் பிரித்தெடுக்க முடியாது, மேல் படலம் கண்ணாடியோடு வந்துவிடும். கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ வீட்டுக் கல்யாணப் படங்களில் ஈரம் திட்டுத் திட்டாகத் தெரிவது இதுதான். மவுண்ட் அட்டை அந்த இடைவெளியைக் கொடுக்கிறது. அழகு அதற்கப்புறம். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டையின் வெட்டு விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பாகி, அந்தப் பழுப்பு படத்துக்கும் இறங்கும். நிறம் சுத்த வெள்ளை வேண்டாம், லேசாக மங்கிய வெள்ளை. பக்கங்களில் மூன்று அங்குலம், மேலே இரண்டே முக்கால், கீழே மூன்றே கால். நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே வழுக்கியது போல் கண்ணுக்குத் தெரியும், அதனால் அடியில் கொஞ்சம் அதிகம். மொத்தம் 18க்கு 21 சட்டம். பழைய ஸ்டுடியோப் படங்களைப் பார்த்திருப்பீர்கள், தடித்த அட்டையில் ஒட்டி, அடியில் ஸ்டுடியோ பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்தக் காலத்திலேயே படத்தைச் சுற்றி மூச்சு விட இடம் வேண்டும் என்று தெரிந்து செய்திருக்கிறார்கள்.

பிரிண்டை அட்டையில் முழுசாகப் பசை தடவி ஒட்டச் சொல்லாதீர்கள். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் காகித டேப்பால் தொங்கவிட வேண்டும். ஈரத்துக்குக் காகிதம் விரியும், சுருங்கும். நாலு பக்கமும் கட்டிவைத்தால் அலை அலையாக எழும். பின்பலகைக்கு ஹார்டுபோர்டுக்குப் பதில் சன்போர்டு என்கிற லேசான பிளாஸ்டிக் பலகை கேளுங்கள், ஈரம் குடிக்காது, கரையானும் ஏறாது. சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். இராமபாணப் பூச்சிக்கும் அங்கே குடியிருக்க மனசு வராது.

கண்ணாடியில் சாதாரணமானதே போதும். பிரதிபலிப்பு இல்லாதது என்று சொல்லி மங்கலான சொரசொரப்புக் கண்ணாடி கொடுப்பார்கள், மவுண்ட் இடைவெளி இருக்கும்போது அது படத்தையே மங்கலாக்கிவிடும். அக்ரிலிக் லேசு, உடையாது, ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும்.

மாட்டும் உயரம் பற்றிக் கண்காட்சி நடத்துகிற நண்பர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். நம் வீடுகளில் படம் என்றால் நிலைவாசல் உயரத்துக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து மாட்டுவதுதான் வழக்கம். கீழே நின்று கும்பிடுகிற படங்களுக்கு அது பொருத்தம். தரையில் உட்கார்ந்து கூறு போடுகிற ஒரு பெண்ணை ஏழடி உயரத்தில் வைத்தால் அவர் கையில் இருக்கும் மீன் யாருக்கும் தெரியாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருக்கட்டும், கண்காட்சிக் கூடங்களில் வழக்கம் அதுதான். எதிர்ச் சுவரில் சன்னல் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், கண்ணாடியில் சன்னல்தான் தெரியும்.

தலைப்பு 'உழைப்பின் திருவுருவம்' என்று நீங்கள் எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள். அதைப் படித்தவர் உழைப்பு என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார், கையைப் பார்க்க மாட்டார். 'முதுநகர் துறைமுகம், மார்கழிக் காலை' போதும்.

இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கும். பின்னணியும் மாறும், கூறு போடுகிற மீனும் மாறும். அது வேறு படமாகத்தான் இருக்கும்.

எல்லாரிடமும் கேட்டீர்கள், அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? படம் மாட்டப் போகிறோம் என்று சொல்லி, ஒரு பிரிண்டை அவர் கையில் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். இது மரியாதை, கட்டாயமும்கூட. கூடவே அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கூறு என்ன மீன், ஏன் அப்படி அடுக்குகிறார் என்பது படம் எடுத்த உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அவர் சொல்வது தலைப்பை மாற்றலாம், எங்கே வெட்டுவது என்பதையும் மாற்றலாம். இப்படிக் காட்டக் கூடாது என்று அவர் சொன்னால் அந்தப் படம் சுவருக்குப் போகாது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஃபிரேமைப் பஸ்ஸில் கொண்டு வருவதாக இருந்தால், கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். வழியில் உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்காது. மூலைகளுக்கு அட்டை மடித்து வையுங்கள், படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் உங்கள் பெயர், படத்தின் தலைப்பு, எது மேல்பக்கம் என்ற அம்புக்குறி மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள். கொக்கியும் கம்பியும் கடையிலேயே போட்டு வாங்குங்கள். 8க்கு 12 பிரிண்டை இந்த வாரமே போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்த பிறகு.